பிரகாசி பேருக்கு வந்த தபால்

ஜூன் 9, திங்கள்

காலை பதினோரு மணிக்குப் பனிமலர் ஹோட்டல் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேட் பூட்டி நான் பார்த்ததில்லை. பழைய பூட்டு எங்கே என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. கடைக்கு ஆள் அனுப்பிப் புதுப் பூட்டு வாங்கிவந்துதான் பூட்டினார்கள்.

முதலாளி விற்றுவிட்டார். வாங்கினது கோயம்புத்தூர்க் கம்பெனி. உள்ளே எல்லாவற்றையும் இடித்து மாற்ற மூன்று மாதம் ஆகுமாம். சமையல்கட்டு, சலவை, ரூம் வேலை என்று முப்பத்தோரு பேரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஹோட்டலுக்குப் பின்னால் எனக்கு இருந்த குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொன்னார்கள். கொடைக்கானலிலேயே நாயுடுபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ரூம் பிடித்திருக்கிறேன். மாதா படத்தை முதலில் கொண்டுவந்து வைத்தேன். பிறகுதான் அடுப்பு.

இந்த நோட்டு ஹோட்டல் நோட்டு. ரூம் நம்பர், பெட்ஷீட், துண்டு, சோப்பு என்று கட்டம் போட்டிருக்கிறது. குப்பையில் போட்டார்கள், எடுத்துக்கொண்டேன். பேச ஆள் இல்லை என்றால் எழுதுங்கம்மா என்று மடத்து சிஸ்டர் சொன்னார். பேச ஆள் இல்லாமல் இல்லை. அவர் சொன்னாரே என்று எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்து மணிக்கு எழுந்து, யூனிபார்ம் சேலையைக் கட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஹோட்டலில் என் பங்குக்குப் பதினான்கு ரூம். ஒரு தலையணைக்கு உறை மாற்றும்போது ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுவேன். இரண்டு மாடி முடித்தால் பாதி ஜெபமாலை ஆகிவிடும். எந்த ஊரில் இருந்தோ வந்து படுக்கிறவர்களுக்குத் தெரியாது, தலைக்குக் கீழே ஜெபம் இருக்கிறது என்று. இங்கே ஒரே தலையணை. ஒரே மங்கள வார்த்தையில் வேலை முடிந்துவிட்டது. மணி ஐந்தரை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது சலவையில் இருந்த தவமணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சங்கத்துக் கூட்டம். டீக்கடை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தங்கப்பாண்டி பேசினான். பனிமலரில் பரோட்டா மாஸ்டர், சங்கத்துக்குச் செயலாளர். மாவு பிசைகிற கையால் பேப்பரைப் பிடித்தாலும் பேப்பர் கசங்காது, அப்படி ஒரு பதமான ஆள்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஆட்களைக் குறைத்து அனுப்பிவிட்ட ஒரு முதலாளி, மறுபடி ஆள் எடுக்கும்போது வெளியாளை எடுக்கக் கூடாது. அனுப்பினவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். சர்வீஸ் வரிசைப்படி பட்டியல் எழுதி போர்டில் ஒட்ட வேண்டும். ஆளாளுக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். சட்டத்தில் இருக்கிறது. கம்பெனியோடு சங்கம் போட்ட ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கியாகிவிட்டது. இது இல்லையென்றால் என்னை யார் கூப்பிடுவார்கள்? எனக்கு ஐம்பத்து நான்கு. புது ஆள் என்றால் நாற்பதுக்கு மேல் வேண்டாம் என்கிறது கம்பெனி.

பிறகு பேர் வாசித்தான். மூன்றாவதாக, பிரகாசியம்மாள், ரூம் வேலை, இருபத்திரண்டு வருஷம் என்றான். நான் கை தூக்கினேன். அவன் என்னையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆதார் கார்டு நகலில் இன்னாசியம்மாள் என்று இருக்கிறதே என்றான். பிரகாசி என் அக்கா என்றேன்.

"சரி அத்தே, அப்ப நீங்க யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினோரு வருஷமாக அத்தை அத்தை என்று கூப்பிட்டவன், பேரைக் கேட்டதே இல்லை. யாருமே கேட்டதில்லை.

விஷயம் ஒன்றுமில்லை. இந்த வேலை முதலில் அக்கா வேலை. சேர்ந்த சில மாதத்தில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பதினைந்து நாளைக்கு என்று அவளுக்குப் பதிலாக நான் வந்தேன். சம்பளம் கையில்தான் தருவார்கள். வவுச்சரில் பிரகாசி என்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர் தேவசகாயம். பேரை மாற்றினால் ஏகப்பட்ட பேப்பர் வேலை, நீ ரூமைப் பார் என்றார். நல்ல மனுஷன், செத்துப்போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அக்காவுக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அவளாகவே நின்றுவிட்டாள்.

தங்கப்பாண்டி சிரிக்கவில்லை. அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றான். நானாக வேலையை விட்டேன், அதற்குப் பிறகு பார்த்தது என் தங்கச்சி என்று எழுதித் தந்தால் போதுமாம். அதற்கென்ன, வாங்கிவிடலாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. யாரும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா வீடு வத்தலக்குண்டு பக்கம். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன், ஜன்னலோரம் கிடைக்கவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தது. ஆனால் எனக்கு அந்த வளைவுகளில் வாந்தி வரும். கண்டக்டரோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறாராம். பஸ் போய்விட்டது. வரும் வழியில் கேரட் வாங்கினேன்.

அக்காவைக் கடைசியாக அம்மா சாவில் பார்த்தது. கூட்டத்தில் பேச முடியவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஹோட்டல் பக்கம் சும்மா நடந்தேன். மெத்தைகளைத் தோட்டத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மழையில் ஊறிக் கிடக்கின்றன. இருநூற்று நான்காம் நம்பர் ரூம் மெத்தையில் இருந்த டீக் கறையைக் கேட்டுக்கு வெளியே நின்றே அடையாளம் தெரிந்தது. நோட்டீஸ் ஒட்டினால் நானே வந்து சொல்லுகிறேன், மழையில் ஏன் அலைகிறீர்கள் என்றார் வாட்ச்மேன் சடையாண்டி. அவரிடம் அவர் பேரன், சர்க்கரை நோய், பாப்பரசர் எல்லாம் பேசினேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் செய்தேன். தவமணியை ஏசினது, வெள்ளிக்கிழமை தெரியாமல் கறி சாப்பிட்டது, வீட்டுக்காரி கோழியைக் கல்லால் அடித்தது எல்லாம் சொன்னேன். வேறு என்று கேட்டார் சாமியார். வேறு இல்லை என்றேன். வெளியே வந்து திரும்ப வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். மழை வந்துவிட்டது, அதனால் வந்துவிட்டேன்.

வரிசை கோயிலுக்குள்ளேதான் நின்றது.

ஜூலை 22, செவ்வாய்

தூறல் விடவில்லை. அடுப்புப் பற்றவில்லை. ரேடியோவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. யாரிடம் சொல்ல, எழுதி வைக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் அக்கா ஒரு தடவை மேலே வந்தாள். மஞ்சள் பையும் போர்வையுமாக. பதினைந்து நாளுக்கு வந்த நான் அப்போது மூன்று மாதமாக இருந்தேன். மேனேஜர் முன்னால் நிற்க அவளுக்குக் கூச்சம். நீ போய்க் கேட்டுவிட்டு வாடி, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் புளிமூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் போனேன். வந்தேன். அவள் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

என் புருஷன் வேறொருத்தியோடு போன பிறகு நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். குவார்ட்டர்ஸில் எனக்கென்று ஒரு கதவு இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

அக்காவுக்குப் புருஷன் இருந்தார், வீடு இருந்தது. அவள் மகள் செல்வி எட்டாவதோடு நூல் மில்லுக்குப் போனாள். அந்தக் காலத்தில் அங்கே எல்லாப் பிள்ளைகளும்தான் மில்லுக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சடையாண்டி சொன்ன சொல் தவறவில்லை. குடையோடு வந்து கதவைத் தட்டினார். பட்டியல் ஒட்டிவிட்டார்கள். முதல் தவணையில் இருபது பேர். மூன்றாவது பேர் பிரகாசியம்மாள். பதினெட்டாம் தேதிக்குள் தபாலோடும் அடையாள அட்டையோடும் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தவமணிக்குத் தபால் வந்துவிட்டது. பரோட்டா மாஸ்டருக்கு வந்துவிட்டது. தபால்காரர் என் தெருவில் நுழையவே இல்லை. வழியில் மடக்கிக் கேட்டேன். பிரகாசி பேருக்கு இங்கே ஒன்றும் இல்லை என்றார்.

மத்தியானம் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. ஹோட்டல் ரெஜிஸ்டரில் விலாசம் யார் விலாசம்? பேர் அக்கா பேர் என்றால் விலாசமும் அக்கா விலாசம்தானே. என் வேலைக்கான தபால் மலையிறங்கி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது.

கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

தவமணி மருந்து போட்டுவிட்டாள். உங்கள் அக்கா தபாலைத் தூக்கிக்கொண்டு அவளே வேலைக்கு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவளிடம் அந்தப் பேருக்கு ஆதார் இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது? தங்கப்பாண்டி தைரியம் சொன்னான். திண்டுக்கல் தொழிலாளர் ஆபீஸில் மனு போட்டிருக்கிறானாம், வியாழக்கிழமை விசாரணை. இருபத்திரண்டு வருஷம் யார் ரூம் துடைத்தது என்று முப்பது பேர் சாட்சி சொல்லுவார்கள். ஆனால் அக்கா தானாக விட்டதை மட்டும் காட்டியாக வேண்டும் என்றான்.

"அவங்களாத்தானே விட்டாங்க, அத்தே?"

ஆமாம் என்றேன். தவமணி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள்.

மத்தியானம் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் சடையாண்டி குரல் கேட்டது. கூட ஒரு கிழவி. முதலில் தெரியவில்லை. பிறகு அந்த நிற்கிற தினுசில் தெரிந்தது, ஒரு காலை மட்டும் படியில் வைத்துக்கொண்டு. கேட்டில் போய் இன்னாசி வீடு எங்கே என்று கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் இல்லை என்றிருக்கிறார் சடையாண்டி.

"எம் பேர்ல ஒருத்தி வேலை பாக்குறாளே, அவ வீட்டக் காட்டுங்கன்னேன். உடனே கூட்டியாந்துட்டாரு" என்றாள்.

பையில் இருந்து ஒரு கவுளி வெற்றிலையும், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தபாலும் எடுத்தாள். பேரன் வாசித்துச் சொன்னானாம். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் ஆத்தா, நீ எப்போது ஹோட்டலில் வேலை பார்த்தாய் என்று சிரித்தானாம்.

"இது உன் தபால்டி. தேதி போட்டிருக்குன்னான். அதான் நானே கொண்டாந்தேன்."

அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கைவிரல் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. வெங்காய மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் தோல் உரிக்கப் போகிறாளாம். மாமா இறந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது, எனக்குத் தகவல் வந்தது, அப்போது சீசன். அதை அவள் கேட்கவே இல்லை. கையெழுத்து வேண்டும் என்று நான் இழுத்தபோது, அதற்கென்ன, எங்கே வரணும் சொல்லு என்றாள்.

"அந்த மேனேஜரு அன்னிக்கு எடமில்லைன்னுட்டாரு. உனக்காச்சும் குடுத்தாரே, மகராசன்."

டீ போடுகிறேன் என்று எழுந்தேன். டீத்தூள் டப்பாவைத் தேட வெகுநேரம் ஆனது. கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

நாள் முழுக்க நானே பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திண்டுக்கல் போய்த் திரும்பினேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீசர் ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் சளி. ஒரு பக்கம் தங்கப்பாண்டி, நான், அக்கா. எதிரே கம்பெனிப் பையன், என்னை மேடம் என்றான். ரெஜிஸ்டரில் இருக்கிற ஆள் அட்டையோடு வந்தால் எடுத்துக்கொள்வோம், வேறு யாரும் வந்தால் புது ஆள், புது ஆளுக்கு வயசு வரம்பு இருக்கிறது என்றான். தங்கப்பாண்டி சாட்சிக் கையெழுத்துகளை நீட்டினான். பேர் யாருடையதாக இருந்தாலும் வேலை பார்த்தவருக்குத்தான் சர்வீஸ், ஆனால் பேருக்கு உரியவர் தனக்கு உரிமை இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார் அந்த அம்மா. அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்களா விட்டீங்களா, நிறுத்தினாங்களா?"

"எடமில்லைன்னாங்கம்மா. சரின்னு போயிட்டேன்."

"யாரு, மேனேஜரா? உங்ககிட்டயா சொன்னாரு?"

"இல்லம்மா. இவதான் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து சொன்னா."

அந்த அம்மா எழுதினார். கம்பெனிப் பையன் போனைப் பார்த்தான். தங்கப்பாண்டி மேஜைக்குக் கீழே என் கையைத் தட்டினான், முடிந்தது என்கிற மாதிரி. உண்மையிலேயே முடிந்துவிட்டது. அந்த அம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். வாழ்க்கையில் ஒரு தடவை.

"நான் கேக்கல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை.

"உள்ள போனேன். தண்ணி குடிச்சேன். வெளிய வந்து எடமில்லைன்னு சொல்லிட்டேன். கேட்டிருந்தா குடுத்திருப்பாரு. உங்கக்கா எப்ப வருவான்னு அவரே ரெண்டு தடவ கேட்டாரு. அவ வர மாட்டான்னு சொன்னதும் நான்தான்."

தங்கப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். இதையும் எழுத வேண்டுமா என்று அந்த அம்மா கேட்டார். எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். உங்களுக்கு இப்போது கேட்க உரிமை இருக்கிறது, வேலை எனக்குத்தான் என்று நீங்கள் சொன்னால் அதையும் பதிவு பண்ணுவேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கம்பெனிப் பையனும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எந்த இடத்தில் போடணும் என்று கேட்டாள். வேலை வேண்டாம் என்கிற பக்கத்தை அந்த அம்மா காட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, பிரகாசி என்று போட்டாள். இருபத்திரண்டு வருஷம் நான் போட்ட பேர். அவள் போட்டபோது வேறு மாதிரி இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். என்னென்னவோ சொன்னேன். அண்ணி பானையைக் கவிழ்த்தது, தாழ்ப்பாள், எல்லாம். வத்தலக்குண்டு பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கையெழுத்து வேலைக்குப் போட்டேன், இன்னாசி. உனக்குப் போடல."

பஸ் கிளம்பும்போது ஜன்னலில் இருந்து இன்னொன்றும் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. "செல்வி நல்லாப் படிப்பாடி."

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். தேர்ச் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. நான் போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தபால்காரர் தெருவில் நின்று இன்னாசியம்மாள் யார் என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை என்று வீட்டுக்காரி திருப்பி அனுப்பப் பார்த்தாள். நான் செருப்பு இல்லாமல் ஓடிப்போய் வாங்கினேன். கம்பெனிக் கடிதம். ஆபீஸ் உத்தரவுப்படி என் பேரிலேயே எடுத்துக்கொள்கிறார்களாம், பழைய சர்வீஸ் சேர்த்து. செப்டம்பர் மூன்றாம் தேதி வர வேண்டும்.

படித்துக் காட்ட ஆள் தேடினேன். தவமணி ஊருக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரி கோழியிடம் படித்துக் காட்டினேன்.

செப்டம்பர் 3, புதன்

போனேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சமையல்கட்டு இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர். ஆபீஸ் ரூமில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், ஆளாளுக்கு ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுதும்போது பேர், ஊர், ரத்தம் எல்லாம் கேட்டுவிட்டு, அவசரத்துக்குத் தகவல் சொல்ல யார் என்றாள்.

வரிசையில் பின்னால் தவமணி. எனக்கு யாரைச் சொல்வது என்று தெரியவில்லை. மாதா என்றா சொல்ல முடியும்? பிரகாசியம்மாள் என்றேன். நம்பர் என்றாள். மனு நகலில் அக்கா நம்பர் இருந்தது. மூன்று வாரமாகப் பர்ஸில் மடித்து வைத்திருந்தேன், ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். நம்பர் சரியா என்று பார்த்துவிடுகிறேன் என்று அந்தப் பெண் உடனே போனைப் போட்டுவிட்டாள், ஸ்பீக்கரில்.

வெகுநேரம் அடித்தது. எடுத்தாள். பின்னால் வெங்காயக் கிட்டங்கிச் சத்தம், பெண்கள் சத்தம். கொடைக்கானல் பனிமலர் ஹோட்டலில் இருந்து பேசுகிறோம், இன்னாசியம்மாளுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள் இவள்.

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது, எழுந்து வெளியே வந்திருப்பாள்.

"அவளுக்கு என்னாச்சு?" என்றாள் அக்கா.

ஒன்றும் ஆகவில்லை அம்மா, ஃபாரத்துக்குத்தான் கேட்டோம் என்றாள் அந்தப் பெண்.

"சரி" என்றாள் அக்கா. பிறகு, "அக்கா. அக்கான்னு எழுதிக்க." வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் கட்டத்தில் அக்கா என்று எழுதி, ஃபாரத்தைத் திருப்பி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டம் சரியாகத் தெரியவில்லை.

"ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு நேரமா, அத்தே" என்றாள் தவமணி, பின்னால் இருந்து.